பாட்டுக்காரருக்கு நான் எழுதிய வாழ்க்கை

ஐந்து கிலோ பசுமதி அரிசி வரும் துணிப்பை அது. கைப்பிடி வைத்து, வாயில் சிப் தைத்த பை. பாரிஸின் லா சப்பலில் அந்தப் பை இல்லாத தமிழ் வீடு கிடையாது. அரிசி முடிந்ததும் அதற்குள் பழைய உடுப்பு போகும், பிள்ளையின் சப்பாத்து போகும், சிலருடைய தஞ்சக் கோரிக்கைக் கடிதங்கள் முழுக்க அதற்குள்தான் கிடக்கும். ஒரு பின்னேரம் பாட்டுக்காரர் அப்படி ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே, சுருட்டி ரப்பர் போட்ட சுவரொட்டிகள். ஓரம் மஞ்சளாகிப்போன பத்திரிகைத் துண்டுகள். மேடையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு மெலிந்த மனிதனின் படங்கள். ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயர் இருந்தது, திகதி இருந்தது, அவருடைய முகம் இருந்தது. நான் மேலே கிடந்த நாலைந்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு சிப்பை இழுத்து மூடி, "இது தேவையில்லை" என்றேன். என் வாயிலிருந்து எத்தனையோ முட்டாள்தனம் வந்திருக்கிறது. இதற்குப் பக்கத்தில் வைக்க வேறொன்று இல்லை.

நான் அப்போது லா சப்பலில் ஒரு தமிழ் உணவகத்தில் பரிமாறுகிற வேலையில் இருந்தேன். இன்று அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். பாட்டுக்காரர் எங்களிடம் கோப்பை கழுவ வந்தது 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில். வயது அறுபதுக்குக் கிட்ட. ஜமேக்காக்காரர், ஒரு காலத்தில் ரெகே பாடியவர். எங்கள் சமையற்கட்டுக்கு ஜமேக்காவும் தெரியாது, ரெகேயும் தெரியாது. அதனால் வந்த முதல் நாளே அவரைக் 'கறுவல்' ஆக்கிவிட்டார்கள். சொன்னவர்களையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யார் கறுவல் என்று தீர்ப்புச் சொல்லக் கஷ்டம். அது எங்களுக்கு உறைக்கவில்லை.

அவரிடம் பேப்பர் இல்லை. எங்கள் தெருவில் அதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்தாயிற்று, அடுத்தவனின் வதிவிடக் கார்டில் வேலை செய்வது. சமையற்காரரின் மச்சான் ஒருவரின் கார்ட் சும்மா கிடந்தது. பாட்டுக்காரர் அந்த மச்சானின் பெயரில் வேலைக்கு எடுக்கப்பட்டார். நான் தயங்கியபோது முதலாளி சிரித்தார். "வெள்ளைக்காரனுக்கு எங்கடை ஆளும் ஒண்டுதான், உவரும் ஒண்டுதான். போட்டோவிலை ரெண்டு கறுத்த முகத்துக்கு வித்தியாசம் பிடிக்கப் போறானோ?" அப்படியே நடந்தது. மாதக் கடைசியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெயர் அச்சடித்த சம்பளத்துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அதை எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்று, "நான் நல்ல பெயராகத்தான் இருக்கிறேன்" என்பார். எங்களுக்கு அது பெரிய பகிடி.

பெயர் தொலைவது அவருக்குப் புதிதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தேவாலயத்தில் பாடத் தொடங்கியவர். பத்தொன்பது வயதில் கிங்ஸ்டன் நகரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் காலையிலிருந்து வரிசையில் நின்று, பின்னேரம் உள்ளே போய், ஒரே மூச்சில் ஒரு பாட்டுப் பாடிவிட்டு வந்திருக்கிறார். இசைத்தட்டு வந்தபோது அதில் கூடத்து முதலாளியின் குழுவின் பெயர் இருந்தது. அந்தப் பாட்டு தீவு முழுக்க ஒலித்ததாம். பேருந்தில் பக்கத்தில் இருந்தவன் அதை முணுமுணுக்க, இது நான் பாடியது என்று இவர் சொல்ல, அவன் இவரைப் பைத்தியம் என்று இடம் மாறி உட்கார்ந்தானாம். பிறகு ஒரு குழுவோடு ஐரோப்பா வந்தார். ஒழுங்கான பேப்பரோடுதான் வந்தார். பேப்பரைப் புதுப்பிக்க வேண்டிய மனேஜர் ஒரு காலையில் விடுதியைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. குழு கலைந்தது. இவர் பாரிஸில் நின்றுவிட்டார். சின்ன ஊர்களின் கோடை விழாக்கள், துறைமுக நகரங்களின் நிலவறை மன்றங்கள் என்று வருடக்கணக்காகப் பாடினார். பாட்டு இருந்தவரை அவரிடம் யாரும் பேப்பர் கேட்கவில்லை. இளம் பாட்டுக்காரர்கள் வந்தார்கள், கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள், கடைசியில் எங்கள் கோப்பைகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

கோப்பை கழுவும்போதும் பாடுவார். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால் அந்தக் குரல் வரும், கொஞ்சம் கரகரத்த, அவசரமே இல்லாத குரல். சமையற்காரருக்குப் பொறுக்காது. "அண்ணை, உந்தாளை வாயை மூடச் சொல்லுங்கோ. கறிக்கு உப்புப் போட்டனானோ இல்லையோ எண்டு மறந்துபோகுது" என்று என்னிடம் முறைப்பாடு வைப்பார். அந்த வருடம் மே மாதத்தில் ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்த நாளும் அவர் பாடிக்கொண்டுதான் உள்ளே வந்தார். சமையற்காரர் கையில் இருந்த அகப்பையை அவரை நோக்கி எறிந்தார். அவருடைய தம்பி அங்கே இருந்தான், என்ன ஆனான் என்று தெரியாது. நான் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். பாட்டுக்காரர் போய்க் கழுவும் இயந்திரத்தை நிறுத்தினார். அன்று முழுவதும் எல்லாக் கோப்பைகளையும், ஒன்றோடொன்று முட்டாமல், கையாலே கழுவினார். அடுத்த நாளும் அப்படியே. இத்தனை பெரிய நகரத்தில் எங்கள் சமையற்கட்டுக்குத் துக்கம் விசாரித்த ஒரே ஆள் அவர்தான். இரண்டு கிழமை கழித்துச் சமையற்காரரே என்னிடம் வந்தார். "அந்தாளைப் பாடச் சொல்லுங்கோ அண்ணை. இந்த அமைதி தாங்கேலாமல் கிடக்கு." அதற்குப் பிறகு யாரும் அவரைக் கறுவல் என்று சொல்லவில்லை. பாட்டுக்காரர் என்றே சொன்னோம்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஓரளவு பிரெஞ்சு எழுத வரும் என்பதால், மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பின் மேசையில் உட்கார்ந்து எங்கள் ஆட்களுக்குத் தஞ்சக் கேஸ் எழுதிக் கொடுப்பேன். நான் எழுதினால் வெல்லும் என்று தெருவில் பேச்சு. அந்தப் பேச்சு எனக்குத் தலையில் ஏறியிருந்தது. ஒருவன் தன் கதையை இரண்டு மணித்தியாலம் சொல்வான், நான் அதில் முக்கால்வாசியை வெட்டி எறிவேன். வெட்டுவதுதான் கெட்டித்தனம் என்று நம்பினேன். ஒருமுறை வன்னியிலிருந்து வந்த ஒருவர், கேட்காமலே, தான் மேடைகளில் பாடியவர் என்று விசாரணையில் பெருமையாகச் சொல்லிவிட்டார். எந்த மேடை, யார் போட்ட மேடை, அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் சண்டைக்குப் போனார்கள் என்று கேள்வி கிளம்பி, அந்த மனிதரின் வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம்: கேஸில் பாட்டு வரக்கூடாது. மேடை வரக்கூடாது. எங்கள் ஊரில் பாடியவன் ஏதோ ஒரு பக்கத்துக்காகப் பாடியவன். இதைத் தவிர வேறு மாதிரியும் ஒருவன் பாடலாம் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

பாட்டுக்காரருக்குக் கார்ட் எதற்கு வேண்டியிருந்தது என்பதை அவரே சொன்னார். ஜமேக்காவில் ஒரு மகள். அவர் புறப்பட்டபோது நாலு வயது. பாடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. பாட்டு கீட்டு எல்லாம் சாட்டு, உன் தகப்பன் நம்மை விட்டு ஓடினவன் என்று தாய் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள். அப்படியென்றால் போய்விட வேண்டியதுதானே என்று கேட்டேன். பிடித்து அனுப்பப்பட்டவனாக அவள் முன்னால் போய் நிற்க மாட்டேன் என்றார். கார்டோடு, கோட்டுப் போட்டுக்கொண்டு, அந்தப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவள் முன்னால் ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட வேண்டும். இந்தக் கதை எங்களுக்கு விளங்காத கதையா? வெறுங்கையோடு ஊருக்குப் போக மாட்டாமல் இந்தத் தெருவில் முதுமையடைந்தவர்கள் எத்தனை பேர்.

நீண்ட காலம் பிரான்ஸில் இருந்ததைக் காட்டி அவர் கார்ட் கேட்க வேண்டும். ஒவ்வொரு வருடத்துக்கும் ஆதாரம் வேண்டும். சம்பளத்துண்டுகளைக் காட்ட முடியாது, அது மச்சானின் பெயர். எஞ்சியது அரிசிப் பை. நான் அதைத்தான் தேவையில்லை என்றேன். பாட்டுக்காரன் என்றால் கஞ்சா என்று நினைப்பார்கள், பேப்பர் இல்லாமல் மேடையேறியது தனிக் குற்றம் என்பார்கள் என்று காரணம் வேறு சொன்னேன். மருந்துத் துண்டுகள், அறை கொடுத்தவர் தந்த கடிதம், பயணச்சீட்டுகள் என்று சில்லறைச் சாமான்களைச் சேர்த்து, இரண்டு பக்கத்தில் அவருடைய வாக்குமூலத்தை எழுதினேன். உழைப்பாளி. கோப்பை கழுவுபவர். குடி இல்லை. அயலவருக்குச் சத்தம் இல்லை. எழுதி முடித்து ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாட்டு எங்கே?" என்றார். முதலில் கார்டை எடுப்போம், பிறகு ஆற அமரப் பாடுங்கள் என்றேன். அவர் என்னை நம்பினார். மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புறநகர்ப் பொண்டியில் அவர் இருந்த அறையில் நாலு பேர், சாமான் வைக்க இடமில்லை. பையை இங்கேயே விடுங்கள், பத்திரமாக இருக்கும் என்று நானே கொண்டுபோய் உணவகத்தின் நிலவறையில் வைத்தேன்.

மறுப்புக் கடிதம் வர ஒரு வருடத்துக்கு மேலானது. இன்னின்ன ஆண்டுகளில் இங்கே வாழ்ந்தார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று இருந்தது. சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிப்போனேன். அந்தப் பெண்மணி இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, வேறு ஏதும் இல்லையா என்று கேட்டார். பாட்டுக்காரர் பையைப் பற்றிச் சொன்னார். திகதியோடு, படத்தோடு, வருடம் வருடமாகவா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதை ஏன் வைக்கவில்லை?" என்றார். வன்னிப் பாட்டுக்காரரின் கதையை அவருக்கு எப்படிச் சொல்வது? உடனே பையைக் கொண்டுவாருங்கள், மேன்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார்.

நிலவறையில் பை இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னர் அரிசியில் வண்டு பிடித்துவிட்டது என்று முதலாளி அங்கிருந்த எல்லாவற்றையும் எறியச் சொல்லியிருக்கிறார். பாட்டுக்காரருக்கு அன்று விடுமுறை. தூக்கி எறிந்தவர் சமையற்காரர். "அரிசிப் பை எண்டுதானே அண்ணை நினைச்சனான்" என்று தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். அவரில் என்ன பிழை? அரிசிப் பையை அரிசிக்குப் பக்கத்தில் வைத்தவன் நான்.

நானே போய்ச் சொன்னேன். அவர் கையில் சவர்க்கார நுரை. அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "திறந்து பார்த்தார்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி கோப்பைகளின் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு எங்கள் சமையற்கட்டில் அவர் பாடவில்லை. சமையற்காரர் கேட்டுப் பார்த்தார். நான் கேட்கத் துணியவில்லை.

மேன்முறையீடும் தோற்றது. இரண்டு குளிர்காலம் கழித்து, வேலைக்கு வரும் வழியில், ஸ்டாலின்கிராட் மெட்ரோப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டார். தொலைபேசியில் இருந்த இலக்கத்தை வைத்து மகளுக்குச் சொன்னது நான்தான். அவள் வந்தாள். நாற்பது வயதுப் பெண், தகப்பனின் அதே நெற்றி. சென் தெனிக்கு அப்பால் ஒரு மயானத்தில் அவரைப் புதைத்தோம். அவளும் நானும் சமையற்காரரும் அறைக்காரர் ஒருவரும். அவரோடு வாசித்தவர்கள் உயிரோடு இருந்தார்களா, எங்கே இருந்தார்கள், யாரிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அவள் ஓர் உறையை எடுத்து நீட்டினாள். தகப்பனின் கோட்டுப் பையில் இருந்ததாக ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். பிரெஞ்சில் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். என் வாக்குமூலம். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. வாசித்துச் சொன்னேன். உழைப்பாளி, கோப்பை கழுவுபவர், குடி இல்லை, சத்தம் இல்லை. அவள் கவனமாகக் கேட்டாள். "பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லையா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சுவரொட்டிகளையும், ஊர்களையும், என் சட்டத்தையும், வண்டு பிடித்த அரிசியையும், ஒன்றையும் மறைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்டாமல் சொன்ன ஒரே கேஸ் அதுதான். அப்படியானால் என்ன பாட்டுப் பாடுவார் என்று கேட்டாள். வருடக்கணக்காக அந்தக் குரலைக் கேட்டவன் நான். ஒரு வரி வரவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை. பக்கத்தில் நின்ற சமையற்காரரைப் பார்த்தேன், அவர் நிலத்தைப் பார்த்தார். துக்க வீட்டில் நாலு நல்ல வார்த்தை சொல்லப் பொய் சொல்கிறவர்களை அவள் முன்பும் கண்டிருப்பாள். பிறகு அந்த இரண்டு பக்கத்தையும் என் கையிலிருந்து வாங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள்.

"இந்தக் கையெழுத்து அப்பாவுடையதுதானே?"

அவருடையதுதான் என்றேன்.