கிதாரை மாற்றிப் பார்த்தேன்

அனுமந்தன்பட்டியில் ஆடி மாதக் கோயில் திருவிழா. எங்கள் கச்சேரியில் டூயட் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் முதல் சரணத்துக்கு முன்னால் கிதார் மட்டும் தனியாக வரும் ஓர் இடம் உண்டு. பல வருடங்களாக நான் வாசித்துவந்த இடம்தான். அன்று அதில் மூன்று சுரங்கள் விழவில்லை. விழ வேண்டிய இடத்தில் தகரத்தைத் தட்டியதுபோல ஒரு சத்தம் வந்தது. கீபோர்டுக்காரர் சட்டென்று புகுந்து நிரப்பிவிட்டார். கூட்டத்துக்குத் தெரியவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் எங்கள் இன்னிசைக் குழுவை நடத்தும் முருகேசண்ணன் கேட்டார்.

"என்ன தங்கச்சி, அங்கன என்னமோ கடமுடன்னு கேட்டுச்சு?"

"கிதாரு சரியில்லண்ணே. சாரக்காத்துல நெக்கு வளஞ்சிருச்சு போல."

"அப்படியா? சரி, பாத்து வச்சுக்க."

நான் மனதறிந்து பொய் சொல்லவில்லை. ஆனி, ஆடியில் மலை இடைவெளி வழியாக எங்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் ஈரக்காற்று மரத்தை ஊறவைக்கும். கம்பி ஏறி ஓடும் கழுத்துப் பகுதியான நெக் லேசாக அசைந்தாலும் போதும், கம்பி அதில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில் உரசி இரையும். அதே கிதாரைச் சித்திரை வெயிலில் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு மத்தியானம் வேனுக்குள் வைத்துப் பூட்டினால், கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் பிரிட்ஜ், பசை இளகிப் பெயர்ந்துவிடும். இரண்டையும் நான் கண்ணால் பார்த்தவள். அதனால் கிதாரைக் குறை சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

தேனி பஜாரில் எங்கள் வீட்டுக்காரர் தங்கராஜ் இரும்புக்கடை வைத்திருக்கிறார். நான் கிதார் கற்றது சர்ச் பாடகர் குழுவில். கல்யாணத்துக்குப் பிறகு முருகேசண்ணன் குழுவில் சேர்ந்தேன். கம்பம் முதல் பெரியகுளம் வரை கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, சர்ச் அசன விருந்து என்று எல்லா மேடையிலும் வாசித்திருக்கிறேன். நோட்டீசில் 'பெண் கிதார் கலைஞர் எஸ்தர்' என்று தனி வரி போடுவார்கள். என்னை விட நன்றாகப் பாடுகிறவர்களுக்குக்கூட அந்த வரி கிடைத்ததில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

கிதார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி என்பதுதான். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் கையைப் பாருங்கள்.

என் முதல் கிதாரை மதுரையில் வாங்கினேன். கடைக்காரர், "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்மா" என்று ஒரு சின்னக் கிதாரை எடுத்துக் கொடுத்தார். கிதாரின் உடலான பெட்டி சின்னதாக இருந்ததே தவிர, நெக் உருட்டுக்கட்டை மாதிரி இருந்தது. என் விரல்கள் குட்டை. எனக்கு வேண்டியது மெலிந்த நெக். பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அணைத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் அந்தக் கிதாரோடு மணிக்கட்டு வலிக்க வலிக்க ரொம்ப நாள் மல்லுக்கட்டினேன்.

ஆகவே கடையில் நின்றுகொண்டு வாங்காதீர்கள். ஒரு ஸ்டூல் கேட்டு உட்காருங்கள். தச்சர் பலகையை ஒற்றைக் கண்ணால் பார்ப்பாரே, அப்படித் தலைப்பக்கமிருந்து நெக் நேராக ஓடுகிறதா பாருங்கள். முதல் கட்டையில் ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்திப் பிடியுங்கள். அங்கே கை கடுத்தால் பெரிய கவலை இல்லை, கம்பி உட்காரும் பள்ளத்தை ராவிச் சரிசெய்யலாம். நடுக் கட்டைகளுக்கு மேலே கம்பி உயரமாக நின்றால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு கட்டையையும் தட்டிக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வேனில் அலைகிறவர்களுக்கு ஒட்டுப்பலகைக் கிதாரே போதும். அது வெயில், மழை இரண்டையும் தாங்கும். முழுப்பலகைக் கிதாரின் சத்தம் வேறு, அதன் வீம்பும் வேறு. ஊறும், காயும், கவனிக்காவிட்டால் வெடிக்கும். ஒருவருக்கு ஒரு கிதார் போதும். கம்பி அறுந்தால் மாற்றி எடுக்க இன்னொன்று இருக்கலாம். மூன்றாவதை வாங்கத் தோன்றினால், ஏன் தோன்றுகிறது என்று உட்கார்ந்து யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

கோட்டயத்தில் வாங்கியது

அனுமந்தன்பட்டியில் நான் குறை சொன்னது என்னிடம் இருந்ததிலேயே நல்ல கிதாரை. குமுளி வழியாகக் கோட்டயம் போய், தங்கராஜும் நானும் ஒரு பகல் முழுக்கக் கடையில் உட்கார்ந்து வாங்கியது. கடைக்காரர், "நல்ல தடியாணு சேச்சி, ஒந்நு வாயிச்சு நோக்கு" என்று சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்தார். நல்ல மரம், வாசித்துப் பார் என்கிறார். மேல் கம்பியை ஒருமுறை மீட்டினேன். சத்தம் காதுக்கு வரும் முன்பே விலா எலும்பில் தெரிந்தது. தங்கராஜுக்குச் சங்கீதம் தெரியாது. அவரே, "இதான், வேற பாக்க வேணாம்" என்றார்.

அந்தக் கிதாரைத்தான் மதுரைக்குத் தூக்கிப் போனேன். ரிப்பேர் செய்பவர் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"நெக்கு நேராத்தானம்மா இருக்கு?"

"இல்லண்ணே, இரையுது."

"நான் வாசிச்சா இரையலயே. சரி, ஒங்களுக்காகக் கொஞ்சம் திருகி விடுறேன்."

அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. திருகிய பிறகும் அதே சத்தம். மெல்லிய கம்பி போட்டேன். கம்பியைத் தாழ்த்தச் சொன்னேன். தாழ்த்தியதும் இன்னும் இரைந்தது. கச்சேரிக்குக் கச்சேரி, எளிய பாட்டில்கூட விரல் தடுக்கியது. தினமும் சாயங்காலம் கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து முன்னைவிட இரண்டு மடங்கு சாதகம் செய்தேன். சாதகம் கூடக் கூட வாசிப்பு கெட்டது.

உத்தமபாளையத்தில் ஜோயல் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், சர்ச்சில் வாசிப்பவர். அவருக்கு என் கிதார்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். அவரிடம் மெலிந்த நெக் உள்ள கிதார் ஒன்று இருந்தது. மாற்றிக்கொள்வோமா என்று நானே கேட்டேன்.

"அக்கா, நெசமாத்தான் சொல்றீகளா? கோட்டயத்துக் கிதார?"

"எனக்கு இனி ஒத்து வராது தம்பி."

அவர் அதைக் கையில் வாங்கிய விதத்தை நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

புதுக் கிதார் கைக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது போலிருந்தது. சில வாரம் சுத்தமாக வாசித்தேன். முருகேசண்ணன்கூட, "இப்பத்தான் பழைய எஸ்தரு" என்றார். பிறகு மறுபடியும் அதே தடுக்கல். சென்னையிலிருந்து அகல நெக் கிதார் ஒன்று வரவழைத்தேன். அதுவும் சில வாரம் நன்றாக இருந்துவிட்டுப் பழையபடி ஆனது. தங்கராஜ் ஒருநாள் சொன்னார்: "நம்ம கடையில ஸ்க்ரூ சேராட்டி வேற ஸ்க்ரூ எடுத்துக் குடுப்போம். எத்தனை ஸ்க்ரூ மாத்தியும் ஏறலன்னா, ஓட்டையப் பாக்கணும் எஸ்தரு." எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கம்பத்துக் கல்யாணம்

அடுத்து நடந்தது கம்பத்தில், உறவினர் வீட்டுக் கல்யாணத்தில். நான் விருந்தாளியாகப் போயிருந்தேன். மண்டபத்தில் சர்ச் பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் வந்தது. பத்துக் கிதாருக்கு நடுவிலும் அதை நான் அடையாளம் சொல்லிவிடுவேன். ஜோயல் வாசித்துக்கொண்டிருந்தார். ஓர் உரசல் இல்லை, ஓர் இரைச்சல் இல்லை. மணியடித்தாற்போல விழுந்தது ஒவ்வொரு சுரமும்.

பாட்டு முடிந்ததும் அவரிடம் போனேன்.

"நெக்கு எதுவும் சரி பண்ணுனியா? பிரிட்ஜு மாத்துனியா?"

"ஒண்ணும் செய்யலக்கா. நீங்க குடுத்தது குடுத்தபடி இருக்கு. கம்பி மட்டும்தான் புதுசு. இந்தாங்க, வாசிங்க."

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பக்கத்தில் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் திரும்பி உட்கார்ந்தார்கள். மடியில் வைத்து அனுமந்தன்பட்டியில் தவறவிட்ட அந்த இடத்தையே எடுத்தேன். இடது கை மோதிர விரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கியது. சுண்டுவிரல் விறைத்து நட்டுக்கொண்டு நின்றது. வலி கிடையாது. யாரோ இன்னொருவர் கையைப் பார்ப்பது போலிருந்தது. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் அதே மடங்கல்.

ஜோயல் பார்த்துவிட்டார். மெதுவாகக் கிதாரை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "வேர்த்த கையி, வழுக்கத்தான் செய்யும்க்கா" என்றார்.

என் கை காய்ந்துதான் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

டாக்டர் சொன்னது

மதுரையில் நரம்பு டாக்டரிடம் போனோம். எழுதச் சொன்னார். பட்டன் போடச் சொன்னார். தரையில் கிடந்த குண்டூசியை எடுக்கச் சொன்னார். எல்லாம் செய்தேன். பிறகு கொண்டுபோன கிதாரை வாசிக்கச் சொல்லி, கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

எனக்கு வருடம் சொல்ல வரவில்லை. "ரெண்டு கிதாருக்கு முன்னாலருந்து சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கையில ஒண்ணும் இல்லம்மா. வாசிக்கிற அந்த ஒரு வேலைக்கு மட்டும் மூளை விரலுக்குத் தப்பாச் சொல்லுது. ஒரே அசைவ வருஷக்கணக்கா செய்றவங்க சிலருக்கு வர்றது. டிஸ்டோனியான்னு பேரு. ஆரம்பத்துலயே வந்து, வாசிக்கிறத நிறுத்தி, பழக்கி எடுத்தா சிலருக்குத் திரும்பும். நீங்க அது மேலயே ரொம்ப சாதகம் பண்ணிட்டீங்க."

ஊசி போட்டார்கள். விரல் மடங்குவது குறைந்தது, கூடவே அழுத்தும் பலமும் போனது. பயிற்சிக்குப் பல மாதம் போய்வந்தோம். முன்னேற்றம் இல்லை. டாக்டரும் இல்லை என்றே சொன்னார்.

என்னால் தாங்க முடியாதது ஒன்றுதான். அந்தக் கை மற்ற எல்லாவற்றுக்கும் நன்றாக இருந்தது. வெங்காயம் உரிக்கும், பூக் கட்டும், கடையில் ஆணி எடுத்துத் தராசில் போடும். ஊரில் யாரிடமும் கை சரியில்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் கையைப் பார்ப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒயர் இல்லாமல்

முருகேசண்ணன் வீட்டுக்கே வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார்.

"நீ வந்து மேடையில நில்லு தங்கச்சி, போதும். ஒன் வாசிப்ப கீபோர்டுலருந்து விட்டுக்கிறோம். பொம்பளப்பிள்ள கிதாரு வாசிக்கிற குழு எதுன்னு கேட்டுத்தான் ஆளுக வர்றாக."

"வாசிக்காம எப்பிடிண்ணே நிக்கிறது?"

"சும்மா கைய ஓட்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

போனேன். போகாமல் வீட்டில் இருக்கும் சாயங்காலங்கள் எப்படி இருக்கும் என்று அதற்குள் பார்த்திருந்தேன். ஒரு சீசன் முழுக்க ஒயர் சொருகாத கிதாரோடு நின்றேன். சத்தம் வேண்டாத இடத்திலாவது விரல் கேட்கும் என்று நினைத்தேன். அங்கேயும் மடங்கியது. அதனால் விரலைக் கம்பியில் வைக்காமல் மேலேயே மிதக்கவிட்டேன். ஸ்பீக்கரில் கிதார் கேட்கும்போதெல்லாம் என் உடம்பு முன்னால் சாய்ந்தது. கை மட்டும் சும்மா போய்வந்தது.

சுருளிப்பட்டியில் கச்சேரி முடிந்ததும் ஒரு பெண் மேடைப் பக்கம் வந்தார். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர். விரல் இடுக்கில் மருந்துக் கறை நீலமாக இருந்தது.

"நல்லா வாசிச்சீகக்கா. கண்ணெடுக்காமப் பாத்தேன்."

என்னால் முடியவில்லை. "அது நான் வாசிக்கலம்மா. எனக்குக் கை போச்சு. ஒயருகூட மாட்டல, பாருங்க" என்று காட்டினேன்.

அவர் சிரித்தார். "பெரியவுக எல்லாம் இப்பிடித்தான் சொல்லுவீக" என்றார். பிறகு, "எம் மக கிதாரு வேணுங்குறா. எது வாங்கணும்னு ஒங்களக் கேட்டா தெரியும்னா" என்றார்.

மகளுக்கு விரல் நீளமா, குட்டையா என்று கேட்டேன். உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். நெக் எப்படிப் பார்ப்பது, கம்பி உயரம் எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். என்னிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான். அவர் போனதும் வேனில் ஏறி, இனி வரவில்லை என்று முருகேசண்ணனிடம் சொன்னேன். ஊர் வந்து இறங்கும்போது அவர், "சரித்தா" என்றார்.

இப்போது கடையில் இருக்கிறேன். ஜோயல் இரண்டு முறை கேட்டார், கோட்டயத்துக் கிதாரைத் திருப்பித் தரவா என்று. வேண்டாம் என்றுவிட்டேன். வாசிக்காத வீட்டில் கிதார் இருப்பது கிதாருக்கும் நல்லதில்லை, வீட்டுக்கும் நல்லதில்லை. மற்ற இரண்டும் பீரோ மேல் இருக்கின்றன. அவற்றையும் கேட்பவருக்குக் கொடுத்துவிடுவேன்.

என் அனுபவத்தில் இளையவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. கிதார் சரியில்லை என்று தோன்றினால், மாற்ற ஓடாதீர்கள். நன்றாக வாசிக்கும் ஒருவர் கையில் அதைக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் கையிலும் இரைந்தால் சந்தோஷப்படுங்கள்; மரத்தைச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள். இரையாவிட்டால் சாதகத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இரைகிறது என்று நான் குறை சொன்ன எதிலும் குறை இருக்கவில்லை. மூன்று கிதாருமே நன்றாகத்தான் இருந்தன.