உள்ளே போன மூக்கு

பதினெட்டு வருடமாகச் செருப்புக்கடையில் வேலை பார்ப்பவர் அவர். பழைய கேமரா கடையில் அந்த ஒரு கேமராவைப் பார்த்ததும் கால் தரையில் நிற்கவில்லை. ஒரே உடம்பில் இரண்டு லென்ஸ்! அகலமான ஃபிலிமில் இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று படம் ஜோடியாக விழும். கூடவே வரும் பார்வைப் பெட்டியில் அந்த ஜோடியைச் சொருகி இரு கண்ணாலும் பார்த்தால், படத்தில் உள்ள ஆள் நிஜம்போல் எழுந்து நிற்பார்.

"ஓரத்துல கீறல் இருக்குங்க," என்றார் விற்பவர்.

"கீறல் கிடக்கட்டும். ரெண்டும் சரியான ஜோடிதானே?" என்று லென்ஸ்களை மாறி மாறி உற்றுப் பார்த்தார். ஜோடி விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியுமா என்ன!

வாங்கி வீட்டுக்கு வந்த கையோடு மனைவியை ஜன்னலோரம் உட்கார வைத்தார். "வேணாங்க, என் மூக்குதான் முதல்ல வந்து நிக்கும்," என்று அவள் முரண்டு பிடித்தும் ஒரு ரோலைத் தீர்த்தார். கழுவி வந்த படங்களைத் தானே வெட்டி, ஜோடி சேர்த்து, "பாரு, பாரு!" என்று பெட்டியை நீட்டினார்.

"ஐயையோ! மூக்கு குழியா போயிருக்கு! பின்னாடி சுவர் முன்னாடி வருது!"

வாங்கிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து, அவர்களுடைய இடது கால் செருப்பைத் தன் வலப்பக்கம் வைத்தே பழகிய கை. படத்தையும் அப்படியே இடம் மாற்றி வைத்துவிட்டது; இடது கண் படம் வலது கண்ணுக்குப் போனதில் மேடெல்லாம் பள்ளமாகிவிட்டது.

"ஒரு நிமிஷம், மாத்திடறேன்."

"கையை எடுங்க!" பெட்டியைப் பிடுங்கிக் கண்ணில் ஒட்டிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. "இந்த மூக்கு கொஞ்சம் உள்ள போகாதான்னு இத்தனை வருஷமா ஏங்கினேன். இப்பதான் போயிருக்கு. மாத்தினீங்க, அவ்வளவுதான்!"