படியேறினால் வரும் பல்வலி

அந்தத் தெருவில் அவருக்குப் 'பிடுங்காத டாக்டர்' என்று பெயர். ஒரு பல் டாக்டருக்கு இதைவிடக் கெட்ட பெயர் வேண்டுமா? "பிடுங்கிடுங்கம்மா" என்று வாயைத் திறந்துகொண்டு வருகிறவர்களிடம், "எது வலிக்குதுன்னு தெரியாம எதைப் பிடுங்கறது?" என்று கேட்டே திருப்பி அனுப்பியவர். முகத்தில் வலிக்கிறது என்றால் பல்தான் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது என்பது அவர் கட்சி. ஒருத்திக்குத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம். இன்னொருவருக்கு மூக்கில் கட்டிய சளி. கீழே கடை வைத்திருக்கும் டைலருக்கு, குண்டூசியை வாயின் ஒரே பக்கம் கவ்விக் கவ்வித் தாடை இறுகிவிட்டது. எல்லாம் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்தது. கேள்வி கேட்பதில் போலீஸ்காரர்கூட அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

ஆனால் யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது தண்ணீர் கேன்காரர் விஷயத்தில் நடக்க இருந்தது.

கிளினிக் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது, படியோ செங்குத்து. அதனால் அங்கே ஒரு சட்டம் உண்டு: ஏறி வருகிறவர் யாராக இருந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு ஆறிய பிறகுதான் உள்ளே போகலாம். சட்டத்தைக் காவல் காத்தவர் டாக்டரின் நாத்தனார். வாசல் மேசை அவருடையது. தங்கமான மனசு, வாய்தான் கொஞ்சம் நீளம்.

கேன்காரர், கட்டடம் கட்டடமாகத் தண்ணீர் கேன் சுமந்து ஏறுகிறவர். ஐம்பதைத் தாண்டியும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கேனோடு வேடிக்கை பேசியபடியே வருவார். சில வாரங்களாக அவருக்கு இடது கீழ்த்தாடையில் வலி. வேறொரு இடத்தில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பார்த்தாயிற்று. வீட்டை இடித்த பிறகும் வலி என்கிற குடித்தனக்காரன் காலி செய்யவில்லை. அடுத்த பல்லையும் எடுக்கச் சொல்லி இங்கே வந்தார்.

டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்தார், அதன்மேல் குளிர்ச்சி வைத்துப் பார்த்தார், தாடைத் தசையை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். பல் கல்லுக்குண்டாக இருந்தது.

"இப்போ வலிக்குதா?"

"இப்போ இல்லம்மா. உங்க பெஞ்சுல உட்கார்ந்தாலே ஓடிப் போயிடுது. டாக்டர்னா வலிக்குக்கூட பயம் போல."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டரும் சிரித்தார். சிரித்ததோடு விட்டுவிட்டதுதான் தப்பு.

அடுத்த வாரம் கேன்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு, முகம் வேர்க்க, பெஞ்சிலேயே சாய்ந்துகொண்டார். ஆறியதும் உள்ளே வந்து நாற்காலியில் படுத்தவர் ஒரே பிடிவாதம் பிடித்தார். "பிடுங்கினாத்தான் எழுந்திருப்பேன். நீங்க மாட்டீங்கன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்." வேறு ஆளிடம் போய் வாயெல்லாம் காலியாகிவிடப் போகிறதே என்று டாக்டருக்குக் கவலை. ஒரு பல்லோடு போகட்டும் என்று மனசு தளர்ந்தது. மரத்துப்போக வைக்கிற ஊசியை எடுத்து அதில் மருந்தை நிரப்பினார்.

கதவருகே வந்து நின்ற நாத்தனார் சும்மா இருக்கவில்லை. "ஏங்க, இந்த ஒரு பல்லுக்கு எத்தனை தடவைதான் மாடி ஏறி இறங்குவீங்க?"

"இறங்கறதுல என்னக்கா இருக்கு? கேனும் காலி, வலியும் காலி. ஏறும்போதுதான் உயிர் போகுது."

டாக்டரின் கை நின்றது.

"ஏறும்போது மட்டுமா? சாப்பிடும்போது, பேசும்போது?"

"அப்பல்லாம் ஒண்ணுமில்ல. முன்னெல்லாம் ரெண்டாவது மாடிக்கு வந்தாத்தான் பிடிக்கும். இப்போ முதல் மாடியிலயே பிடிச்சுக்குது."

"நெஞ்சுல?"

"வலியெல்லாம் இல்லம்மா. யாரோ கை வெச்சு அழுத்தற மாதிரி. கேன் கனம்தானே."

பல்லுக்கு மாடி தெரியுமா, கேன் தெரியுமா? ஏறினால் வந்து, உட்கார்ந்தால் போகிற வலி இதயத்தின் வலி, தாடையில் வந்து கதவைத் தட்டுகிறது. அதைப் பெஞ்சில் உட்கார வைத்து உட்கார வைத்து அனுப்பிவிட்டுத்தான் இவர் பல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்! தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் பொங்கியது. ஊசியைத் தட்டில் போட்டார்.

"அண்ணி, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. இவரு ஒரு படிகூட நடக்கக் கூடாது."

கீழேயிருந்து டைலரும் அவர் தம்பியும் ஓடி வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். கேன்காரருக்கு மானம் போனது. "ஊருக்கெல்லாம் தூக்கறவன் நான், என்னையே தூக்கறீங்களே!" என்றவர், திருப்பத்தில் அவர்கள் தடுமாறியதும் பொறுக்காமல், "பக்கவாட்டுல திரும்புய்யா, தோள்ல எடை வாங்கு" என்று வேலை சொல்லிக் கொடுத்தார். டாக்டர் அவர் கையைப் பிடித்தபடியே இறங்கினார். அந்தக் கை குளிர்ந்திருந்தது.

இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று கிட்டத்தட்ட அடைத்தே போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அதைத் திறந்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார்.

சில நாள் கழித்து அவர் மனைவி கிளினிக்குக்கு ஏறி வந்தார். பெஞ்சு அங்கேயேதான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் நாத்தனார் நின்றிருந்தார். "உட்காராதீங்க. முதல்ல சொல்லுங்க, ஏறி வந்ததுல எங்கயாவது வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. டாக்டரம்மாவைப் பார்க்க வந்தேன்."

டாக்டர் வெளியே வந்தார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க பல்லைப் பிடுங்கியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? பிடுங்கின புண்ணு வலிக்குதுன்னு நெனச்சு, மறுநாளும் பேசாம கேன் தூக்கியிருப்பாரும்மா."