தேதி சொல்லாமல் வந்த அதிகாரி

எழுபதுகளின் கடைசியில் மேலூருக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தேன். ஐந்து வகுப்புக்கும் நானும் தலைமையாசிரியரும்தான். அவர் மூன்று வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துத் தொண்டை கிழியக் கத்துவார். ரத்தக்கொதிப்பு வேறு. ஒரு நாள் பாடம் நடத்தும்போதே மயங்கி விழுந்துவிட்டார். இன்னொரு ஆசிரியரைப் போடாவிட்டால் மனிதர் தாங்கமாட்டார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஆண்டாய்வு என்றால் எங்களுக்கு முறை தெரியும். தேதி வரும். சுண்ணாம்பு அடிப்போம், பிள்ளைகளைப் பதில் உருப்போட வைப்போம், அதிகாரிக்குக் கோழிக்குழம்பு வைப்போம். அவர் சாப்பிட்டு முடித்துப் பிள்ளைகள் முன்னாலேயே எங்களைத் திட்டிவிட்டுப் போவார். அப்புறம் ஒரு வருஷம் நிம்மதி.

புதிதாக வந்த அதிகாரி அதில் மண்ணைப் போட்டார். இனி தேதி கிடையாதாம். சும்மா வந்து பார்ப்பாராம், யாரும் பயப்படக் கூடாதாம். அதைக் கேட்ட நாளிலிருந்துதான் எங்களுக்குத் தூக்கம் போனது. என்றைக்கு வருவார் என்று தெரியாததால் எங்களுக்குத் தினமும் ஆண்டாய்வுதான். இருவரும் முறைவைத்து அவருக்குச் சோறு கட்டிக்கொண்டு போனோம். சாயங்காலம் அதை நாங்களே தின்றோம்.

ஒரு நாள் வந்தே விட்டார், டவுன் பஸ்ஸில். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் சாப்பாட்டை வேண்டாமென்று தன் தயிர்சாதத்தைப் பிரித்தார். கை கழுவிவிட்டு, "ஒங்களுக்கு என்ன கஷ்டம்னு சொல்லுங்க. நான் என்ன செய்யணும்?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதிகாரி பேசுகிற பேச்சா இது? தலைமையாசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு கொறையும் இல்லைங்கய்யா."

"சார், இன்னொரு வாத்தியாரு..." என்று ஆரம்பித்தேன்.

"டீச்சர் புதுசுங்கய்யா. ஒண்ணும் தெரியாது" என்று அவசரமாக மறித்தார் தலைமையாசிரியர்.

அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் குழப்பம் போலிருந்தது. சந்தோஷம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூன்று ஆண்டாய்வு பார்த்த நானா புதுசு? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏன் சார் அப்டிச் சொன்னீக?"

"கஷ்டம்னு சொன்னா, இவனுக்கு வேலை தெரியலைன்னு எழுதிருவாகம்மா. இம்புட்டு வருசமா அதானே எழுதுனாக?"

அவர் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பஸ் போன ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாகக் கேட்டார்.

"நெசமாத்தான் கேட்டாரோ, டீச்சர்?"

நிஜமாகவே கேட்டிருந்தால் என்று நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.