விநாடிக்கு ஐந்து படம்

கள்ளக்குறிச்சியில் நான் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்த கடையின் முதலாளிக்கு, கணினி என்பது கரும்பு பிழியும் இயந்திரம். ஒரு பக்கம் எதைச் செருகினாலும் மறுபக்கம் சாறு வந்துவிட வேண்டும். அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பம் ஒரே ஒரு பொத்தான். அதையும் போனில் யாரிடமாவது கத்திக்கொண்டேதான் அழுத்துவார்.

வடக்கனந்தலில் ஒரு விவசாயி வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். எங்கள் கடையின் இரண்டு கேமராக்கள் போதாதென்று, அமெரிக்காவிலிருந்து வந்த பெண்ணின் சித்தப்பா மகன் ஒருவன் தன் கேமராவோடு மேடையை மறித்துக்கொண்டே நின்றான். அவனுடையது அந்த நாட்டுக் கணக்கான என்.டி.எஸ்.சி.; விநாடிக்கு முப்பது படம் எடுக்கும். நம் ஊர்க் கணக்கு பி.ஏ.எல்.; விநாடிக்கு இருபத்தைந்து. இரண்டையும் ஒரே வீடியோவில் சேர்க்க வேண்டுமானால் முப்பதை இருபத்தைந்தாக்க வேண்டும். ஒழுங்காகச் செய்யாவிட்டால் மென்பொருள் ஆறு படத்துக்கு ஒன்றைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்த இடத்திலெல்லாம் அசைவு ஒரு துள்ளு துள்ளும்.

நான் காய்ச்சலில் படுத்திருந்த நேரம் பார்த்து, முதலாளி பொத்தானை அழுத்தி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்த நான், "இது வெட்டுதுங்க, மறுபடி போட்டுத் தரேன்" என்றேன்.

"எவன்யா படத்த எண்ணிக்கினு உக்காந்திருக்கான்? போய் அடுத்த வேலையப் பாரு" என்றார்.

எண்ணவில்லைதான். அதைவிட மோசமாக ஒன்று செய்தார்கள்.

அந்த வீட்டு இளைய மகள் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பஸ் நிற்கிற இடத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை தினமும் ஏற்றத்தில் நடப்பவள். கச்சிராயபாளையத்தில் ஒரு வீட்டில் அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். நேரில் வருவதற்கு முன்னால், தரகர் அந்தப் பென்டிரைவை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அக்கா கல்யாணத்தில் அவள் வரிசைத் தட்டை ஏந்தி மண்டபத்தில் நடந்து வருவது முழுக்க அமெரிக்கக் கேமரா எடுத்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை டிவியில் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பார்த்திருக்கிறார்கள். பெண்ணுக்குக் கால் இழுக்கிறது என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பிருக்கவில்லை. "ஊரெல்லாம் பேசிக்கினு இருக்காங்க தம்பி. கால் ஊனத்த மறைச்சிக் கட்டிக்குடுக்கப் பாத்தோமாம். பொண்ணு வூட்ல யாருகூடவும் பேச மாட்டேங்குது" என்றார்.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அதே காட்சியில் அவளுக்குப் பின்னால் தாய்மாமனும் வெட்டி வெட்டித்தான் நடக்கிறார். நாதஸ்வரக்காரரின் விரல்கள் வெட்டுகின்றன. பந்தியைப் பார்த்து விரையும் தரகரே இரண்டு காலையும் இழுத்துக்கொண்டுதான் போகிறார். மண்டபமே நொண்டுகிறது; அவர்கள் கண்ணில் பட்டது ஒரு பெண்ணின் கால் மட்டும். மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர்கூட மாட்டை நேரில் பார்த்த பிறகுதான் குறை சொல்வார்.

முதலாளி அவருக்கு டீ வரவழைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "இன்னா எடிட் பண்ற நீ?" என்றார். வெட்கம் என்பது அந்த மனிதரின் பக்கத்தில்கூடப் போனதில்லை.

அன்றே உட்கார்ந்து திருத்தினேன். அவள் நடக்கும் இடத்தில் பாட்டு மட்டும்தான், பேச்சு இல்லை. அதனால் ஒரு படத்தைக்கூட எறியாமல், எல்லாவற்றையும் இருபத்தைந்தின் வேகத்தில் ஓடவிட்டேன். நடை ஒரு துளி நிதானமானது, வெட்டு போய்விட்டது. பேச்சு வரும் இடங்களில் அப்படிச் செய்தால் குரல் இழுக்கும். அங்கே இடைப்பட்ட அசைவுகளைக் கணினியைக் கொண்டு புதிதாக வரையவைத்து, கோணலானவற்றைக் கையால் சரிசெய்தேன். பென்டிரைவில் இருந்த பழையதை அழித்துவிட்டு, அதிலேயே புதியதை ஏற்றிக் கொடுத்தேன். அப்பா பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதான் தம்பி எம்பொண்ணு" என்றார்.

படம் மறுபடி கச்சிராயபாளையம் போனது. "பரவால்ல, வைத்தியம் பாத்திருக்காங்க போல. நேர்ல ஒருதரம் நடந்து காட்டட்டும்" என்று தரகர் மூலமாகப் பதில் வந்தது. ஒரே கல்யாணம், ஒரே நடை. நடுவில் வைத்தியம் எங்கிருந்து வந்தது? இந்த மூளையை வைத்துக்கொண்டு எப்படி நிலபுலன்களைக் கட்டி ஆள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அப்பாவுக்குச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு சாயங்காலம் அவளே கடைக்கு வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முகமெல்லாம் வியர்வை. யாரென்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நடையை நான் அத்தனை முறை பார்த்திருந்தேன்.

"வந்தாங்கண்ணா. நடந்து காட்டுன்னாங்க. நடந்தேன். அவங்களத் தாண்டி, வாசலத் தாண்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துகினே வந்துட்டேன்" என்றாள்.

"அப்பா?"

"திட்டுவாரு. அப்பறம் சாப்ட்டியான்னு கேப்பாரு."

கைப்பையைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினாள். "மொதல்ல போட்டுக் குடுத்தாங்களே, நான் நொண்டுற படம், அது இருந்தா இதுல ஏத்திக் குடுங்கண்ணா. இனிமே எவன் பொண்ணு கேட்டாலும் மொத அதத்தான் அனுப்பப் போறேன். அதப் பாத்துட்டும் வர்றவன் வரட்டும்."

கடைக் கணினியில் அது அப்படியே இருந்தது. ஏற்றிக் கொடுத்தேன். அந்தக் கடையிலிருந்து வெளியே போன மட்டமான வேலைகளில் நான் மனதாரக் கொடுத்தது அது ஒன்றுதான்.