ஒரு புள்ளி இல்லாத வெள்ளை

எங்கள் சிட்லபாக்கம் வீட்டுக்கு அந்த ராஜபாளையம் குட்டி வந்தது என் வீட்டுக்காரரின் பிடிவாதத்தால். அடுத்த தெருவில் திருடன் புகுந்தான், உடனே இவருக்குக் காவல் நாய் வேண்டும். விற்கிறவரிடம் இரண்டு குட்டிகள் இருந்தன. ஒன்றின் காதில் பழுப்புத் திட்டு. "ஒரு புள்ளி இருக்கக் கூடாது, அதான் அசல்" என்று பால்வெள்ளையாக இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஒரே வருஷத்தில் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டது. நீளக் கால், ஒட்டிய வயிறு, ரோஜா நிற மூக்கு, தேன் நிறக் கண். இவரோ ரிட்டயர் ஆனவர், பேச ஆள் கிடைத்தால் போதும். காட்டுப்பன்றியை விரட்டின பரம்பரை, பாளையக்காரர் வாசலைக் காத்த பரம்பரை என்று ஏரிக்கரையில் வாக்கிங் வருகிறவர்களை நிறுத்திப் பிரசங்கம் செய்வார்.

கூப்பிட்டால் மட்டும் வராது.

"ஜாதி நாய், கண்டவங்க கூப்பிட்டா வருமா?"

"நீங்க கூப்பிட்டாலும்தான் வரல."

"அது ரோஷம். உனக்குப் புரியாது."

ஐயோ, அந்தப் பெருமை!

தீபாவளியன்று எதிர் வீட்டில் சரவெடி. தெரு நாய்களெல்லாம் கார்களுக்கு அடியில் நடுங்கின. நம்ம மகாராஜா சோபாவில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. "பாத்தியா ரத்தத்தை!" என்றார் இவர். எனக்கு உறுத்தியது. மறுநாள் காலை அது சாப்பிடும்போது பின்னால் நின்று குக்கர் மூடியைக் கரண்டியால் தட்டினேன். காதுகூட அசையவில்லை. தரையை ஓங்கி மிதித்தேன். விருட்டென்று திரும்பியது.

தாம்பரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, "பிறவியிலேயே காது கேக்காதும்மா. இந்த ஜாதியில முழு வெள்ளைக்கு இது வரும். எல்லாரும் புள்ளி இல்லாததையே கேக்கறாங்க" என்றார்.

வீடு வந்ததும் இவர் விற்றவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"தாராளமா மாத்திக்கலாம் சார், ஞாயித்துக்கிழமை கொண்டாங்க."

"இதை என்ன பண்ணுவீங்க?"

"அதை விடுங்க சார்."

கொடுக்கக் கூடாது என்று சண்டை போட்டேன். "கேக்காத நாய் எப்படிம்மா காவல் காக்கும்?" என்று இவர் கேட்டார். ஆனால் ஒரு வருஷமாக யார் வந்தாலும் முதலில் குரைத்தது இதுதானே, அது எப்படி?

அடுத்த நாலு நாளும் அதையே கவனித்தேன். கேட்டுக்கு உள்பக்கம், தரையில் தாடையை அழுத்திப் படுத்திருக்கும். சோம்பேறி என்று நான் திட்டின அதே படுக்கை. குப்பை வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும் முன்பே தலை நிமிரும். இவர் வாக்கிங் முடித்து வரும்போது, கேட்டில் கை வைக்கும் முன்பே எழுந்து வாலாட்டும். தரை வழியாகத் தெரிந்துகொண்டதா, மோப்பமா, எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

ஞாயிறு காலை இவர் சங்கிலியை எடுத்தார். அது எங்களுக்கு முதுகு காட்டி, தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது.

"ஒரு தடவை கூப்பிடுங்க," என்றேன். "வாயால இல்ல, காலால."

என்னை முறைத்தார். அப்புறம் தரையை இரண்டு முறை மிதித்தார். அது எழுந்து, திரும்பி, நேராக வந்து அவர் வயிற்றில் தலையை முட்டி நின்றது.

சங்கிலியைக் கீழே போட்டார். பிறகு போனை எடுத்தார்.

"மாத்த வேணாம்ப்பா. இல்ல, காது கேக்காதுதான்," என்றார். "ஆனா நான் கூப்பிட்டா வருது."