மாமனார் மடியில் விட்ட பிள்ளை

எங்கள் மலைநாட்டின் நாரின் நகர நூலகத்தில், குடும்பக் கதையாக நான் எழுதிய புத்தகத்தைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "உங்க வீட்டுக்குள்ள அந்தக் காசநோயை யாரு கொண்டுவந்தாங்க?" என்று கேட்டார். எங்கள் ஊரில் இன்றும் இதற்கு ஒரே பதில்தான்: மருமகள். அதாவது என் அம்மா சைராகுல். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உட்காருங்க, சொல்றேன்" என்றேன்.

அம்மா கூட்டுப் பண்ணையில் குதிரைப்பால் கறந்தவள். வாய்த்துடுக்கு உண்டு. அவள் சிரித்தால் அடுத்த கூடாரத்தில் கேட்கும். ஆனால் மாமனார் மம்பெத்தின் பெயர் மட்டும் அவள் வாயில் வந்ததில்லை. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லிவிட்டால் எங்கள் சனத்தில் அதைவிட மரியாதைக்கேடு இல்லை.

தம்பி எசென் பால்குடி மறந்த வருடம் அம்மாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. நெஞ்சு நோய்க்கு அதுதான் மருந்து என்று புளித்த குதிரைப்பாலை, குமிஸை, கிண்ணம் கிண்ணமாகக் குடிக்க வைத்தார்கள். நோய் கேட்கவில்லை. நெஞ்சு நோய்க்காரர்களைத் தங்கவைத்து வைத்தியம் பார்க்கும் ஏரிக்கரைச் சானட்டோரியத்துக்கு அழைத்துப்போக வண்டி வந்தது. ஏறுவதற்கு முன் அவள் எசெனைத் தூக்கித் தாத்தா மடியில் வைத்தாள்.

மூத்த பேரனைத் தாத்தாவுக்கே பிள்ளையாகக் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் பெண்; எசென்தான் மூத்த பேரன். அதன்பின் பெற்ற அப்பா அவனுக்கு அண்ணன், பெற்றவள் அண்ணிதான். தாத்தா கேட்கும்போதெல்லாம் அம்மா ஏதாவது சொல்லி மழுப்பிக்கொண்டிருந்தாள்.

"மாமா, உங்களுக்கே குடுத்துட்டேன். என் மூச்சுக்காத்து அவன்மேல படக்கூடாது. ராத்திரி உங்க பக்கத்துலயே படுக்க வச்சுக்கோங்க."

"இப்பவாவது புத்தி வந்துச்சே!" தாத்தா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. புகையிலை இருமல் என்று அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சானட்டோரியத்தில், சுத்தக் காற்று வேண்டுமென்று பனிக்காலத்திலும் திறந்த தாழ்வாரத்தில்தான் படுக்கை. காலையில் பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டியிருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சாயந்திரமே அதில் புதிதாக ஒருத்தி வந்து படுப்பாள். ஒவ்வொருத்தியின் இருமலையும் அம்மா இருட்டிலேயே தரம் பிரிப்பாளாம். கொடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டு, கொடுத்த கொழுப்பைத் தின்று, பிடிவாதமாகப் பிழைத்தாள். இனி யாருக்கும் தொற்றாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அவள் இல்லாதபோது நெஞ்சைப் படம் பிடிக்கும் லாரி ஊருக்கு வந்தது. தாத்தா மலைக்குப் போய்விட்டார். மறுபடி வந்தபோது குதிரையைக் காணோம் என்று கிளம்பினார். "எனக்கென்னடா நோவு? சீக்கு வண்டியேறிப் போயிடுச்சு" என்றார். அப்பாவும் தலையாட்டினார்.

அம்மா திரும்பி வந்த அன்று எசென் தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். "அண்ணி வந்துட்டாங்க" என்றான். அம்மா சிரித்தாள். தன் கிண்ணத்தைத் தனியாக வைத்துக்கொண்டு வாசலோரம் உட்கார்ந்தாள்.

பக்கத்துவீட்டு குல்பாரா சும்மா இருப்பாளா? "என்னடி, பெத்த புள்ளையத் தூக்கக்கூட மாட்டேங்கிற? பட்டணத்துப் பவிசு ஒட்டிக்கிச்சா?"

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. எனக்கு நம்பிக்கை வரல அக்கா. நான் எட்டி நின்னாத்தான் அவன் நல்லா இருப்பான்."

இரண்டு வருடம் அப்படியே எட்டி நின்றாள்.

அந்த இரண்டாம் வருடக் கோடையில் மலை மேய்ச்சலுக்குப் போயிருந்தோம். கூடாரம் நிறைய விருந்தாளிகள். தாத்தா குமிஸை ஒரு வாய் குடித்துவிட்டு, மடியில் இருந்த எசென் வாயில் கிண்ணத்தை வைத்தார். அவன் குடித்துவிட்டு இருமினான். குமிஸ் கடைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அவன் மறுபடி இருமினான்.

"தம்பிக்கு இது எப்பலேர்ந்து?" என்று என்னிடம் கேட்டாள்.

"பனி உருகுனதுலேர்ந்து."

அப்போது தாத்தாவும் இருமினார். வாயைத் துடைத்த துணியைக் கம்பளத்துக்கு அடியில் செருகினார். அம்மா நேராகப் போய்க் கம்பளத்தைத் தூக்கினாள். அங்கே ஒன்றல்ல, பல துணிகள். எல்லாவற்றிலும் காய்ந்த ரத்தம்.

"மம்பெத்!" என்றாள். விருந்தாளிகள் கிண்ணங்களைக் கீழே வைத்தார்கள். "புள்ளையக் கீழ இறக்கி விடு!"

அப்பா அவளை அடிக்கக் கை ஓங்கினார். "விடுடா அவளை" என்றார் தாத்தா. எசெனைத் தரையில் இறக்கிவிட்டார். "தெரியும்மா. ஆஸ்பத்திரிக்காரன் பார்த்தா இவனை எங்கிட்டேர்ந்து பிரிச்சிடுவான். அதான் மறைச்சேன்."

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தாத்தா நெஞ்சில் இருப்பது பல வருடத்துப் புண் என்றார். "உனக்கே இவருகிட்டேர்ந்துதான் வந்திருக்கும்மா. கூடவே படுத்த குழந்தை எப்படித் தப்பும்?" தாத்தா அந்த இலையுதிர் காலத்தைத் தாண்டவில்லை. ஊர் மட்டும், மருமகள் பேர் சொல்லிக் கூப்பிட்டதால்தான் அவர் செத்தார் என்றது.

எசெனுக்கு நோய் மூளைவரை ஏறியிருந்தது. அவனைச் சேர்த்திருந்த சானட்டோரியத்தின் குழந்தைகள் பகுதியிலேயே தரை துடைக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள் அம்மா. கடைசி நாட்களில் அவனை மடியில் போட்டுக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. "அண்ணி, தண்ணி" என்று கேட்டான். கொடுத்தாள். அதற்குப்பின் அவன் எதுவும் கேட்கவில்லை.

வளர்ந்த பிறகு ஒருமுறை அவளிடம் கேட்டேன். "அப்பவாவது அம்மான்னு கூப்பிடச் சொல்லியிருக்கலாமில்ல?"

"ஆசையாத்தான் இருந்துச்சு. புள்ளைக்கு மூச்சு வாங்கிச்சு. பழக்கமில்லாத பேரைச் சொல்லச் சொல்லி எதுக்கு அவனைச் சிரமப்படுத்தணும்?" என்றாள்.